வாலு எங்கே போனாள்?

1

இந்தக் கதை என் தலையில்தான் பிறந்தது. உவமையாகச் சொல்லவில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் பிறந்தது. அதற்குச் சாட்சியாக என் இடது பக்க முடி கொஞ்ச நாள் வலது பக்கத்தைவிடக் குட்டையாக, காதுக்கு மேலே ஒரு கூரைச் சரிவைப் போல நின்றுகொண்டிருந்தது. புது ஸ்டைலா என்று கேட்டவர்களிடம் ஆராய்ச்சி என்று சொல்லிவைத்தேன்.

கதைக்குள் போவதற்கு முன்னால் 'ஆறாவது பீரியட்' பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்தவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்ட மாட்டீர்கள் என்று தெரியும். அந்தத் தொடரைப் பற்றி யார் என்ன எழுதினாலும் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு, "இதுகூடத் தெரியாம எழுதியிருக்காங்க" என்று சொல்கிற கூட்டம் நாம்.

நானும் என் தம்பியும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது வந்த தொலைக்காட்சித் தொடர் அது. ஒரே வகுப்பில் ஐந்து பேர்: லீடர், வாலு, நெட்டையன், புத்தகப்புழு, லேட்டு. கடைசிப் பீரியடுக்கு ஆசிரியர் வருவதே இல்லை. ஐவரும் யாரும் பயன்படுத்தாத வேதியியல் ஆய்வகத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவ்வளவுதான் கதை. ஒரு எபிசோடில் நெட்டையனின் சைக்கிள் காணாமல் போகும். கடைசியில் அவன் நிறுத்திய இடத்திலேயே இருக்கும். இன்னொன்றில் லீடர் மேடையில் பேச்சை மறந்துபோய், மைக்கைச் சரிசெய்வது போல நடித்து நேரத்தை ஓட்டுவாள். இதற்கு மேல் முதல் சீசனில் எதுவும் நடக்காது.

இரண்டாவது சீசனில் எல்லாம் நடந்தது. நெட்டையனுக்கு ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி கட்டிய இரட்டைச் சகோதரன் ஒருவன் முளைத்தான். லீடருக்கு நினைவு தப்பியது. புத்தகப்புழுவைக் கடத்திக்கொண்டு போனார்கள். வாலு மட்டும் இல்லை. ஐந்து பேர் உட்கார்ந்த பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள்; அவள் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் தொடர் பல சீசன்கள் ஓடியது. எங்களைப் போன்றவர்களைப் பொறுத்தவரை அவையெல்லாம் எடுக்கப்படவே இல்லை.

[அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டியது: என் தம்பி பல் டாக்டர். நோயாளி படுக்கும் நாற்காலிக்கு எதிரே ஒரு டிவி வைத்து, முதல் சீசனை மட்டும் சுற்றிச் சுற்றிப் போடுகிறான். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம்தான் அதைப் பற்றிய தன் கருத்துகளைச் சொல்வான். எதிர்த்துப் பேச முடியாதல்லவா. ஒருமுறை ஒருவர் சிகிச்சை முடிந்த பிறகும், எபிசோடு முடியட்டும் என்று வாயை மூடாமலே படுத்திருந்தாராம்.]

2

கதையை எங்கிருந்து தொடங்குவது என்று மூன்று விதமாக முயன்று பார்த்தேன்.

"வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தெரிந்த அந்தப் பெண்ணின் கண்களில் ஏதோ ஒரு பழைய"

வேண்டாம். அன்று மழை இல்லை. அவள் கண்களில் பழையதாக எதுவும் இல்லை. அன்று காலையில் போட்ட கண்மைதான் இருந்தது.

"புகழ் என்பது ஒரு விசித்திரமான"

புகழைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் கடைசிப் புத்தகத்தை வாங்கியவர்களில் பாதிப் பேர் என் தம்பியின் நோயாளிகள்.

சரி, நடந்தபடியே சொல்கிறேன். நான் வழக்கமாகப் போகும் அழகு நிலையம் பூட்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன சலூன் கண்ணில் பட்டது. ஆண், பெண் யார் வந்தாலும் வெட்டுவார்கள். மூன்று நாற்காலிகள், ஒன்றில் உட்கார முடியாதபடி துவைத்த துண்டுகளைக் குவித்திருந்தார்கள். கடைக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கொஞ்சம் பூசின உடம்பு, கழுத்தோடு நின்றுவிட்ட நேரான முடி, பல்லிடுக்கில் ஒரு சீப்பு. என் தலையில் தண்ணீர் பீய்ச்சி, எப்படி வெட்டட்டும் என்று புருவத்தாலேயே கேட்டாள்.

"கொஞ்சமா வெட்டுங்க. வெட்டினதே தெரியக் கூடாது."

அவள் சீப்பை வாயிலிருந்து எடுத்தாள். "தெரியக் கூடாதுன்னா வெட்டாமலே விட்டுடலாமே. ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்."

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வர்ணித்தாக வேண்டும். முதலில் சத்தமே வராது, தோள்கள் மட்டும் குலுங்கும். பிறகு மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு ஓசை. அதன் பின்னால் ஒரு விக்கல். அந்த விக்கலே அவளுக்கு வேடிக்கையாகிவிட, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இந்தச் சிரிப்பைக் கேட்டு நானும் தம்பியும் எங்கள் வீட்டுத் தரையில் உருண்டிருக்கிறோம்.

நான் வெடுக்கென்று திரும்பினேன். கத்தரிக்கோல் நிற்கவில்லை. என் இடது பக்கத்து முடி, மொத்தமாக, மடியில் வந்து விழுந்தது.

"அசையாதீங்கன்னு சொல்லக்கூட நேரம் குடுக்கலையே நீங்க" என்றாள்.

"நீங்க வாலுதானே?"

அவள் என் மடியில் கிடந்த முடியையே பார்த்தாள். "இந்தப் பக்கமும் இதே அளவுக்கு வெட்டணும். இல்லன்னா கோணலா இருக்கும்."

"வாலுதானே நீங்க?"

"வெட்டட்டுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்றேன். இரண்டு பக்கமும் சரியாகிவிட்டால் எழுந்து போயாக வேண்டும்; பிறகு இங்கே வர எனக்கு என்ன காரணம் இருக்கும்? மீதியை இன்னொரு நாள் வந்து வெட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அரைத் தலையோடு தெருவில் இறங்கி நடந்தேன். (இதைப் படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், நிஜத்தில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள், பாத்திரம் நம்பும்படியாக இல்லை என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். அந்தப் பாத்திரம் நான்.)

3

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். சலூன்காரம்மாவை ஒரு சோகச் சித்திரமாக ஆக்கிவிடுவது என்று என் கை தானாகவே முடிவு செய்திருந்தது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம், இன்று யாரோ ஒருத்தரின் முடியைப் பெருக்கிக்கொண்டு, இப்படி. "வெட்டிப்போட்ட முடிகளுக்கு நடுவே, வெட்டப்பட்ட தன் கனவுகளை அவள்" என்றுகூட எழுதிவிட்டேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஏனென்றால் அவள் சோகமாக இல்லை. கடை நன்றாக ஓடுகிறது. வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மதியம் கடைக்கு வந்து, துண்டு குவித்த அந்த நாற்காலியில் சாய்ந்து தூங்குவார். வாடிக்கையாளர்கள் அவளிடம் வெட்டிக்கொள்ள வருகிறார்களா, பேச வருகிறார்களா என்று சொல்வது கஷ்டம். இதையெல்லாம் அடுத்தடுத்த நாட்களில் வெறுமனே அங்கே போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். ஆமாம், நான்தான் வாலு என்று மூன்றாவது தடவை போனபோது ஒப்புக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஒரு வீட்டில் எல்லா அறையும் திறந்திருக்க, ஒன்று மட்டும் பூட்டியிருப்பது போல.

வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை என்றால் எனக்கு வயிறு வெடித்துவிடும் என்றேன். சரி, தம்பி மட்டும் என்றாள்.

தம்பி சேதியைக் கேட்டதும் கையுறையைக் கழற்றாமலே கன்னத்தில் கை வைத்துக்கொண்டான். அவனிடம் வாலு எங்கே போனாள் என்பதற்குச் சொந்தமாக ஒரு கொள்கை இருந்தது. அவள் ஆய்வகத்தில் பூட்டிக்கொண்டுவிட்டாள். எட்டு சீசனாக உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். கறுப்புத் துணிக்காரன் போடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வெளிநாடு போனாள் என்பவர்கள், இறந்துபோனாள் என்பவர்கள் எல்லோரோடும் அவன் வருடக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறான்.

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு முடி வெட்டிக்கொள்ளப் புறப்பட்டான். இங்கே ஒரு தகவல் தேவை: என் தம்பிக்குக் காதுக்கு மேல் முடி கிடையாது.

4

நாற்காலியில் அவனை உட்காரவைத்துத் துணி போர்த்தி, வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள் அவள். கடைசியில் பின்கழுத்தில் கொஞ்சம் கண்டுபிடித்தாள். தம்பி கேட்க நினைத்ததைக் கேட்டான். தலையில் முடியே இல்லாமல் முடி வெட்ட வந்தவனைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டாள். என்னிடம் அத்தனை நாள் சொல்லாததை. எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

இரண்டாவது சீசனின் முதல் நாள் படப்பிடிப்பு. முதல் சீசன் பேர் வாங்கிவிட்டதால் சேனலுக்கு ஆசை வந்துவிட்டது. புது இயக்குநர், பெரிய செட்டு. ஆஸ்பத்திரி அறை. விபத்தில் நெட்டையன் இறந்துவிட்டான் என்று எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்க வேண்டும். கதவு திறந்து, செத்தவனைப் போலவே ஒருவன் கண்ணில் கறுப்புத் துணியோடு உள்ளே வர வேண்டும். லீடர் கதறி அழ வேண்டும். வாலு அவளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வேடமும் நெட்டையனுக்கே என்பதால், கட்டிலில் வெள்ளைத் துணிக்குள்ளே ஒரு லைட்மேனைப் படுக்கவைத்திருந்தார்கள். அவர் நெட்டையனில் பாதி உயரம். செத்ததும் ஆள் சுருங்கிவிட்டது போல இருந்தது என்றாள். அதையாவது பொறுத்துக்கொண்டாளாம். முதல் டேக்கில் கறுப்புத் துணி இடது கண்ணில் இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து இரண்டாவது டேக் போனபோது அது வலது கண்ணுக்கு மாறியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

இதைச் சொல்லும்போதே அவளுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. கையில் சவரக்கத்தி, கத்திக்குக் கீழே தம்பியின் கழுத்து. அவன் சிரிக்கவும் முடியாமல், அசையவும் முடியாமல் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாலு லீடரின் முகத்தைப் பார்த்தாளாம். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் முதலில் உடைவது லீடர்தான். முதல் சீசன் முழுக்க அப்படித்தான். அப்போது திரும்ப எடுக்க யாருக்கும் நேரம் இல்லை. சிரித்தால் சிரித்தபடியே காட்சி ஓடும், ஆய்வகத்தில் நாம் பார்க்கிற சிரிப்பெல்லாம் அப்படி வந்ததுதான். ஆனால் அன்றைக்கு லீடர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கல் மாதிரி நின்றாள். அது இன்னும் பெரிய வேடிக்கையாகிவிட்டது. மூன்று டேக், நான்கு டேக், எல்லாம் வாலுவின் விக்கலில் முடிந்தது. இயக்குநர் பொறுமையான மனிதர். "வெளிய போய் சிரிச்சு முடிச்சுட்டு வாம்மா" என்றார்.

அவள் வெளியே போய், சுவரைப் பார்த்து நின்று, மிச்சம் மீதி இல்லாமல் சிரித்து முடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து கதவில் கை வைத்தபோது உள்ளேயிருந்து லீடரின் குரல் கேட்டது.

"அவ இல்லாம எடுத்துடலாம் சார். அவ இருந்தா என்னால அழ முடியாது."

இந்த இடத்தில் சலூன்காரம்மா சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். யாரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. நிஜ வாழ்க்கையிலும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருவரும். நடிகர் தேர்வுக்குப் போனதும் கைகோத்துக்கொண்டுதான்.

"அவ்வளவுதான்" என்று துண்டை உதறினாள்.

தம்பி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே எழுந்தான். அவன் முகம் எனக்குத் தெரியும். ஏதோ தப்பு செய்துவிட்டுச் சொல்லத் தெரியாமல் நிற்கும் முகம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் சீசன் முழுவதையும் ஒரு தியேட்டரில் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்திருந்தான் அவன். எல்லா டிக்கெட்டும் போய்விட்டது. சிறப்பு விருந்தினராக லீடர் வரச் சம்மதித்திருந்தாள்.

அதை அவன் அவளிடமும் சொல்லிவிட்டான்.

"வரட்டும்" என்றாள் அவள். "அன்னிக்கு எனக்குக் கடை இருக்கு."

5

இங்கே ஒரு கட்டுரைப் பகுதி வர வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். முதல் சீசன் ஏன் இத்தனை வருடமாக மனதை விட்டுப் போகவில்லை? நாங்கள் சின்னவர்களாக இருந்ததாலா? அப்படியானால் அந்த வயதில் பார்த்த மற்றதெல்லாம் எங்கே? முதல் சீசன் நிலைத்து நிற்பதற்குக் காரணம், வளரிளம் பருவத்தின் எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் ஒருசேரப்

இல்லை. அடித்துவிடுங்கள். இதற்குப் பதில் சொன்னது வேறொருத்தி.

வலது பக்கத்தைச் சரிசெய்யாமல் தியேட்டருக்கு வரக் கூடாது என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், சனிக்கிழமை சலூனுக்குப் போனேன். சலூன்காரம்மா என் வலது பக்கத்தைச் சீவிக்கொண்டிருந்தபோது அவள் மகள் உள்ளே வந்தாள். பதினைந்து, பதினாறு வயது. என் தலையைப் பார்த்துவிட்டு, இது வேண்டுமென்றே செய்ததா என்று மரியாதையாகக் கேட்டாள். பிறகு அம்மாவிடம், நாளைக்கு வகுப்புத் தோழிகளோடு தியேட்டருக்குப் போவதாகச் சொன்னாள்.

"என்ன படம்?"

"படம் இல்லம்மா. ஆறாவது பீரியட்."

என் தலையில் சீப்பு அப்படியே நின்றது.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் மகள். "சின்ன வயசுலயே தெரியும். நீ சிரிச்சா தெரியாம இருக்குமா?"

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

சீப்பு மறுபடி நகர்ந்தது. எனக்கோ ஆவல் தாங்கவில்லை. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கையில் போன்கூட இல்லாத காலத்துக் கதையாயிற்றே.

அவள் யோசித்தாள். இப்போது வரும் தொடர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று வருபவர்களுக்கெல்லாம் தாடி மழித்த தடம் தெரிகிறது, எல்லோரும் யாரையாவது பழிவாங்குகிறார்கள் என்றாள். அப்புறம் சொன்னாள்: "இதுல அஞ்சு பேரும் சும்மா உக்காந்திருப்பாங்க ஆன்ட்டி. ஒருத்தருக்கும் எங்கயும் போற அவசரமே இல்ல. பார்த்தா, நமக்கும் அங்க கொஞ்சம் இடம் விட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். ஒருத்தருக்கும் தலைகூட ஒழுங்கா வாரியிருக்காது."

"அது நான் வாரி விட்டது" என்றாள் அம்மா, உண்மையிலேயே புண்பட்டு. "அங்க தலை வார ஆளே கிடையாது. அஞ்சு பேருக்கும் நான்தான் வாரினேன்."

மகள் சிரித்தாள். விக்கல் இல்லாத, சாதாரணச் சிரிப்பு. "நாளைக்கு நீயும் வாம்மா. நீ யாருன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பக்கத்துல உக்காந்தா போதும்."

சலூன்காரம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு கத்தரிக்கோலை ஓட்டினாள். இப்போது வலது பக்கம் இடது பக்கத்தைவிடக் குட்டை. அதைச் சரிசெய்ய இடது, இதைச் சரிசெய்ய வலது என்று போய், கடைசியில் எனக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பின்கழுத்தில் காற்றுப் பட்டது.

6

ஞாயிற்றுக்கிழமை காலை தியேட்டர் வாசலில் நாற்பதை நெருங்கியவர்கள் பள்ளிச் சீருடையில் நின்றார்கள். பித்தான் மூடாத சட்டைகள், தொப்பைக்கு மேலே முடிந்துவிடுகிற டைகள். ஒரு வங்கி மேலாளர் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒருவர் லேட்டுவைப் போலத் தாமதமாக வர வேண்டும் என்பதற்காகவே எதிர்ச் சாரியில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் வகுப்புத் தோழிகள் இவர்களோடு வளைத்து வளைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

லீடர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். நேரான முதுகு, மடிப்புக் கலையாத புடவை. திரையில் அழுதே பேர் வாங்கியவள்.

இந்த இடத்தில் கதைக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

ஒன்று: வாலு வரவே இல்லை. மகளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. இலக்கியப் பத்திரிகைகளுக்கு இது பிடிக்கும். எழுதுவதற்கும் சுலபம், ஒரு காலி இருக்கையை வர்ணித்தால் போதும்.

இரண்டு: வந்தாள், இருவரும் பார்த்தார்கள், ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார்கள். இது இரண்டாவது சீசன். வேண்டாம்.

நடந்தது இது. விளக்கு அணைந்த பிறகு இரண்டு பேர் உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரென்று எனக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியாது. முதல் மூன்று எபிசோடுகள் ஓடின. வசனத்தைத் திரை சொல்வதற்கு முன்னாலேயே தியேட்டர் சொன்னது. நான்காவது எபிசோடில் அந்த ஆய்வகச் சிரிப்பு வந்தது. புத்தகப்புழு ஒரு சோதனைக் குழாயில் விரலை மாட்டிக்கொண்டு எடுக்க முடியாமல் தவிக்க, ஐந்து பேரும் சிரிக்கிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடி சிரிக்கிறார்கள். தியேட்டர் மொத்தமும் சிரித்தது. திரையில் சிரிப்பு ஓய்ந்தது. தியேட்டரிலும் ஓய்ந்தது. பின்வரிசையில் மட்டும் ஒன்று ஓயவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை, பிறகு விக்கல்.

முன்வரிசையில் நேரான அந்த முதுகு திரும்பியது.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். தம்பி மேடையேறி, ஏற்கெனவே திட்டமிட்டிருந்தபடி, லீடரைக் கேள்வி பதிலுக்கு அழைத்தான். சீருடைக்காரர் ஒருவர் எழுந்து, எல்லா விழாவிலும் யாராவது கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார். வாலு எங்கே போனாள்?

லீடரிடம் அதற்கு வழக்கமான ஒரு பதில் உண்டு. மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாள் என்பாள். சிரித்துக்கொண்டே அதை ஆரம்பித்தாள். "வாலு வெளிநாட்டுல" என்றவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அவளா எங்கயும் போகல" என்றாள் பிறகு. "நான்தான் போக வெச்சேன். அவ இருந்தா எனக்கு அழ வராதுன்னு இயக்குநர்கிட்ட சொன்னேன். அது நிஜம்தான். அவ போனப்புறம் எட்டு சீசன் அழுதேன். நல்லா அழறேன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனா அந்த செட்டுல அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான்"

முடிக்க முடியவில்லை. கண் கலங்கியிருந்தது. அழுகையைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் அழும்போது நம்புவதா என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன். தம்பி மைக்கை வாங்குவதா, விடுவதா என்று தெரியாமல் நின்றான்.

பின்வரிசையில் சலூன்காரம்மா எழுந்தாள்.

"ரெண்டாவது டேக்ல அந்தக் கறுப்புத் துணி வலது கண்ணுக்கு மாறிடுச்சு. நீ பார்த்தியா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

தியேட்டர் முழுக்கப் பின்னால் திரும்பியது. லீடர் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு ஒரு பக்கமாக இழுத்தது.

"பார்த்தேன்டி."

"பார்த்துட்டா அப்படி நின்ன?"

"கன்னத்த உள்பக்கமா கடிச்சுக்கிட்டு நின்னேன். வாயெல்லாம் ரத்தம். நீ இன்னும் ஒரு நிமிஷம் அங்க இருந்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன், அந்த வேலையும் போயிருக்கும். எனக்கு அந்த வேல வேணும்டி அப்ப."

பல வருடமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த குரலுக்கு இப்போதுதான் சலூன்காரம்மாவுக்கு முகம் தெரிகிறது என்று

(இதை எழுத வேண்டுமா? வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குப் புரிந்தது.)

"செத்தவன் வேற பாதியாயிட்டான்" என்றாள் அவள்.

"லைட்மேன்" என்றாள் லீடர். அந்த ஒரு வார்த்தையோடு, எட்டு சீசன் அழுதவளின் முதுகு வளைந்தது. மைக்கில் ஒரு சீறல். அப்புறம் தியேட்டரின் எல்லா ஒலிபெருக்கியிலும் அவள் சிரிப்பு. மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் இவள் தோள் குலுங்கி, மூச்சிழுத்து, விக்கி, முதலிலிருந்து. அதற்குள் யாரோ புரிந்துகொண்டு அவள் பெயரைச் சொன்னார்கள். அதன் பிறகு தியேட்டரில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. பித்தான்கள் தெறித்தன. வங்கி மேலாளரின் சடை அவிழ்ந்தது. மகளின் தோழிகள் அவளைப் பிடித்து உலுக்கி, ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டார்கள். பல் டாக்டர் மேடையில் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தான்.

7

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருவரும் வெளியே போனார்கள். டிக்கெட் கொடுக்கும் சின்ன அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். மகளும் நானும் வெளியே நின்றோம்.

உள்ளே முதலில் சிரிப்புச் சத்தம். பிறகு வெகு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒருத்தி மட்டும் தொடர்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரல், யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. இன்னொருத்தி இடையில் ஒரு கேள்வி கேட்டாள். பதில் உடனே வரவில்லை.

எழுத்தாளர் என்ற முறையில் அந்தக் கதவில் காது வைக்க எனக்கு முழு உரிமை உண்டு. ஒரு எட்டு எடுத்தும் வைத்தேன். அவ்வளவு வருடத்தை ஒரு சிரிப்பு சரிக்கட்டிவிடுமா, இல்லை சிரித்து முடித்த பிறகுதான் கணக்கே ஆரம்பிக்குமா என்று எனக்கும்தான் தெரிய வேண்டும். ஆனால் அதற்குள் உள்ளே மணி அடித்து, தம்பி கரகரத்த குரலில் ஐந்தாவது எபிசோடை அறிவித்தான்.

"ஆன்ட்டி, வாங்க" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா வருவாங்க. வரும்போது வரட்டும்."

ஆகவே வாசகரே, இந்த இடத்தை உங்களிடம் விட்டுப் போகிறேன். டிக்கெட் அறை வாசலில் காவலாளியின் ஸ்டூல் ஒன்று காலியாக இருக்கிறது. உட்கார்ந்துகொள்ளுங்கள். கதவு திறக்கும்போது யார் முதலில் வெளியே வருகிறார்கள், யார் யாருடைய கையைப் பிடித்திருக்கிறார்கள், அல்லது பிடிக்கவில்லை என்று நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் நான் மறுக்க மாட்டேன். இரட்டைச் சகோதரன் எவனையும் உள்ளே விடாமல் இருந்தால் போதும்.

நான் உள்ளே போகிறேன். விளக்கை அணைத்துவிட்டார்கள். யாரோ கால்களை மடக்கிக்கொண்டு எனக்கு வழி விடுகிறார்கள்.